வீட்டு எண்ணைப் பார்த்து எழுதிய பெயர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் பனி எப்படிக் கொட்டும், ரயில் எப்படி நேரம் தவறாமல் வரும் (வராது, அது வேறு கதை) என்று படிக்க உட்கார்ந்தவர்கள் எழுந்து போய்விடலாம். இது நான் செய்த ஒரு தப்பைப் பற்றிய குறிப்பு. ஊரைவிட்டு வந்து இந்த மாதத்தோடு பதினாறு வருடம் முடிகிறது. ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் கொஞ்சம் சேமியா பாயசம் வைத்து, பழைய போட்டோக்களைப் பார்த்து மூக்கை உறிஞ்சுவது என் வழக்கம். இந்த வருடம் பாயசமும் இல்லை, போட்டோவும் இல்லை. வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

என் பெயர் கலைச்செல்வி. பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் நெய்வேலி டவுன்ஷிப். அப்பா அங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். இப்போது காசல் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். கணவர் சரவணன் விழுப்புரத்துக்காரர். மகள் மேகாவுக்குப் பதினைந்து வயது. தமிழ் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. அதற்கும் நான்தான் காரணம், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இரண்டு வருடம் இழுத்துக்கொண்டு போய்விட்டு, சோம்பல்பட்டு விட்டுவிட்டேன்.

அன்றைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட். வேலை முடிந்து டிராமில் உட்கார்ந்ததும் போனைத் திறந்தேன். டவுன்ஷிப் ஆட்கள் கூடுகிற ஒரு முகநூல் பக்கத்தில் வீடியோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. ஒரு குவார்ட்டர்ஸ் வாசல். கேட்டுக்கு வெளியே துப்புரவு வேலை செய்யும் கான்ட்ராக்ட் பெண் ஒருத்தி காலி பாட்டிலை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். உள்ளே நைட்டி போட்ட ஒரு பெண், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று கத்துகிறாள். "கேட்டுல கைய வெக்காதன்னு எத்தினி தடவ சொல்றது? தண்ணி வேணும்னா தெருக்கொழாயில போய்ப் புடி. ஒங்கள உள்ள வுட்டா அப்பறம் வூட்டையே கழுவி வுடணும்." வெளியே நின்றவள் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு, தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அத்தோடு வீடியோ முடிகிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மாவின் அப்பா கம்மாபுரம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிவேலை செய்தவர். கொட்டாங்குச்சியில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் அம்மா எங்களை வளர்த்தாள். இத்தனை வருடம் கழித்து, கரன்ட்டும் தண்ணீரும் தடையில்லாமல் வருகிற டவுன்ஷிப்பில் ஒருத்தி தண்ணீருக்குக் கேட்டைச் சாத்துகிறாள் என்றால் கோபம் வருமா வராதா?

வீடியோவுக்குக் கீழே ஆளாளுக்கு, "யார்டா இவ, எந்த பிளாக், அட்ரஸ் போடுங்கடா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வீடியோவை நிறுத்திப் பார்த்தேன். சுவரில் வீட்டு எண் தெரிந்தது. கேட்டை ஒட்டி ஒரு பலாமரம், அடியிலேயே இரண்டாகப் பிரிந்து வளர்ந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எங்கள் பக்கத்து வீடு. அந்தப் பலாமரத்தில் ஏறி விழுந்து நான் கையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

உடனே எழுதினேன்: "இது எங்க பிளாக்குதான். அந்தோணிசாமி சார் வூடு. கத்தறது அவர் பொண்ணு ஜெசிந்தாவாத்தான் இருக்கணும். வடலூர்ல டீச்சர் வேற! புள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்குதோ." பெயர்களை இங்கே மாற்றியிருக்கிறேன். அங்கே மாற்றவில்லை. டிராம் இரண்டு நிறுத்தம் போவதற்குள் எழுதி முடித்துவிட்டேன். வீட்டுக்கு வருவதற்குள் லைக் மேல் லைக். "நெருப்பு அக்கா" என்று ஒருவர் எழுதியிருந்தார். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

2

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் விளங்கவைக்க வேண்டும். இரண்டு டவுன்ஷிப்காரர்கள் உலகத்தில் எந்த மூலையில் சந்தித்தாலும் முதல் கேள்வி, "எந்த பிளாக்?" என்பதுதான். ஊர், சாதி, சம்பளம் எல்லாம் அப்புறம். ஏனென்றால் அப்பாக்கள் எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்தவர்கள், எங்களுக்கென்று சொந்த வீடு கிடையாது. கிரேடுக்குத் தக்கபடி கம்பெனி குவார்ட்டர்ஸ் கொடுக்கும். பிரமோஷன் வந்தால் வேறு வீடு, ரிட்டையர் ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அடுத்த வாரமே சுண்ணாம்பு அடித்து இன்னொருவருக்கு ஒதுக்கிவிடுவார்கள்.

ஆனால் ஆள் போனாலும் பேர் போகாது. எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டை எல்லாரும் "கம்பவுண்டர் வூடு" என்போம். அந்தக் கம்பவுண்டர் நான் பிறப்பதற்கு முன்னாலேயே காலி செய்துவிட்டுப் போனவர். அதன்பிறகு அங்கே எத்தனையோ குடும்பம் வந்து போயிற்று. கடைசியாக வெல்டர் ஒருவர் இருந்தார், அவருக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகும்போதும், "கம்பவுண்டர் வூட்டுல வெச்சிட்டியா?" என்றுதான் அம்மா கேட்பாள். வெல்டரே தன் வீட்டுக்கு அப்படித்தான் வழி சொல்வார். எங்களுக்கு இது தவறாகவே தெரியாது.

அப்பா ரிட்டையர் ஆனபோது நாங்களும் காலி செய்தோம். லாரியில் கட்டில் ஏறியதை நானே கூட நின்று பார்த்தேன். ஆனால் பக்கத்து வீட்டு அந்தோணிசாமி அங்கிளுக்கும் வயதாகும், அவரும் ஒருநாள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. நான் விட்டுவிட்டு வந்த அன்றைக்கு யார் யார் எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்களோ அப்படியே எனக்காக அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்பு. என்ன திமிர் பாருங்கள்! வெளிநாட்டில் இருக்கிற நம்மில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. ஊரைப் பற்றி ஊரில் இருப்பவர்களைவிட அழுத்தமாகப் பேசுவோம்.

3

நாலாம் நாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பரமேஸ்வரி அக்கா போன் செய்தார். மந்தாரக்குப்பத்தில் தையல்கடை வைத்திருக்கிறார். ஒன்றாம் வகுப்பிலிருந்து எனக்கு யூனிஃபார்ம் தைத்தவர், எனக்குத் தெரிந்து யாரையும் சுற்றி வளைத்துத் திட்டத் தெரியாதவர்.

"ஏம்மா கலை, என்னா காரியம் பண்ணி வெச்சிக்கினு இருக்க? ஒனக்கு அங்க வேலவெட்டி ஒண்ணும் இல்லியா?"

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"ஜெசிந்தா அந்த வூட்லயா இருக்கு? அவங்கப்பா ரிட்டையராயி, வூட்ட காலி பண்ணிக் குடுத்து நாலு வருசம் ஆவுது. இங்க எங் கடைக்கிப் பின்னாடித் தெருவுலதான் வாடகைக்கி இருக்காங்க. அந்த வூட்ல இப்ப வேற ஆளு."

நான் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அக்கா விடவில்லை. ஜெசிந்தா பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் எடுத்துக்கொண்ட போட்டோவை எவனோ தேடிப் பிடித்து, அதன் மேல் கெட்ட வார்த்தை எழுதிச் சுற்றுக்கு விட்டிருக்கிறான். போன் நம்பரையும் போட்டிருக்கிறார்கள். கண்டகண்ட நேரத்தில் கண்டவனெல்லாம் கூப்பிடுகிறான். பெற்றோர்கள் நாலைந்து பேர் அந்த வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். தாளாளர் ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, "விஷயம் அடங்கற வரைக்கும் லீவுல இருங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"பதினோரு வருசமா அந்த ஸ்கூல்ல மாடா ஒழைக்கிது அந்தப் பொண்ணு. இந்த வருசம் ஹெச்.எம். ஆக்கறதாப் பேச்சு. இப்ப வேலையே இருக்குமோ இருக்காதோ. அவங்கப்பா ஞாயித்துக்கெழம பூசைக்கிக்கூடப் போவல. யாரு மூஞ்சிலயும் முழிக்க முடியலன்னு படுத்துக்கினு இருக்காரு."

"நான் இப்பவே அழிச்சிடறேன்க்கா."

"அழிச்சி? எல்லாரும் அத போட்டோ புடிச்சி வெச்சிக்கினு இருக்காங்க. இன்னொண்ணு கேளு. அத்தினி பேரு கத்தினீங்களே, அந்தத் தண்ணி கேட்ட பொம்பளைக்கித் தண்ணி கெடச்சிதான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? நான் தேடிப் போயிக் கேட்டேன். 'அக்கா, அந்த வீடியோவ நிறுத்தச் சொல்லுக்கா, எனக்கு வேல போயிடும்'னு அழுவுது."

போனை வைத்துவிட்டார். நான் என் கமென்ட்டை அழித்தேன். அழித்தபின் அந்தப் பக்கத்தில் தேடினேன். என் வரிகள் வேறு ஏழெட்டு இடத்தில், என் பெயர் இல்லாமல், ஜெசிந்தாவின் பெயரோடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அன்று மதியம் ஒரு பாட்டிக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையை இன்னொரு பாட்டியின் மேஜையில் வைத்துவிட்டேன். நல்லவேளை, அந்தம்மாவே, "இது என்னுடையது இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று முழுக்க எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன்.

4

இதில் கொடுமை என்னவென்றால், இதே தவறு இந்த ஊரில் எனக்கு நடந்திருக்கிறது. நான் அதற்கு எப்படிக் குதித்தேன் என்பதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இங்கே வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டும். அதற்கு முன்பதிவு நேரம் வாங்க வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். முதல் தடவை போனபோது, மரியாதையாகப் பேச வேண்டிய அதிகாரியம்மாவை ஜெர்மனில் "நீ, வா, போ" என்று பேசி வைத்தேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார், முத்திரையைக் குத்திக் கொடுத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்கும் அந்த ஒற்றைத் தாளைத்தான் சரவணன் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த மூன்றாம் மாதம் காலையில் மணி அடித்தது. வாசலில் இரண்டு போலீஸ். எங்களுக்கு முன் இங்கே இருந்தவரைத் தேடி வந்திருக்கிறார்கள். சரவணன் இந்த வீட்டுக்கான தாளை எடுத்துக் காட்டினார். பார்த்தார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், போய்விட்டார்கள். மொத்தமே இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்கு நான் இரண்டு மாதம் பொருமினேன். "வூட்ட வெச்சு ஆள முடிவு பண்ணுவாங்களா? மேல் வூட்டுக்காரி பாத்திருப்பா, என்ன நெனச்சிருப்பா?" என்று சரவணனைப் பிடுங்கி எடுத்தேன்.

அக்கா போன் செய்த அன்று மாலை இதைச் சரவணனிடம் சொன்னேன். "அன்னைக்கி அவங்க வந்து கேக்கவாவது செஞ்சாங்க" என்றார் அவர். எனக்குச் சுருக்கென்றது. அவர் குத்திக்காட்டும் ரகம் இல்லை, இருந்ததைச் சொன்னார்.

5

அக்காவிடம் நம்பர் வாங்கி ஜெசிந்தாவுக்கு மூன்று முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எத்தனையோ வெறிநாய்கள் கூப்பிடுகிற நம்பரில் வெளிநாட்டு நம்பரை எதற்கு எடுப்பாள்? "கலை பேசறேன். நான்தான் எழுதினேன்" என்று செய்தி அனுப்பினேன். சனிக்கிழமை காலையில் அவளே கூப்பிட்டாள்.

"சொல்லு கலை."

"ஜெசி, சாரி. நான் வேணும்னு…"

"நிறுத்து. இந்த சாரிய எனக்குச் சொல்லாத. நான் அங்க இல்லன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

எனக்கு அவசரம். எப்படியாவது அந்த நிமிடமே சரிசெய்துவிட வேண்டும் என்ற பதைப்பு. "அங்கிள்கிட்ட குவார்ட்டர்ஸ் காலி பண்ணிக் குடுத்த பேப்பர் இருக்கும்ல? அத ஒரு போட்டோ எடுத்து அனுப்பு ஜெசி. நான் போட்டுட்டா எல்லார் வாயும் மூடிடும்" என்றேன்.



"நான் எதுக்குக் காட்டணும்? நீ எழுதினப்ப எந்தப் பேப்பரப் பாத்து எழுதின? ஒன் வார்த்தைக்குப் பேப்பர் வேணாம், என் வார்த்தைக்கு மட்டும் வேணுமா? எங்கப்பா சர்வீஸ் முழுக்க நேர்மையா வேலை செஞ்ச மனுஷன். அவரு இப்ப இந்தப் பொறுக்கிங்களுக்கு எல்லாம் சர்டிஃபிகேட் காட்டிக்கிட்டு நிக்கணுமா?"

அவளே தொடர்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. நான் அப்படிப் பேசுவேன்னு நெனச்சியா?"

அந்த வீட்டுக் கேட்டை நான் ஒரு நாள்கூடச் சாத்திப் பார்த்ததில்லை. தபால்காரர், கீரைக்காரம்மா, ரோடு கூட்டுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பலாமரத்தடியில் உட்கார்ந்து ஜெசிந்தாவின் அம்மா கையால் தண்ணீர் வாங்கிக் குடித்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதே சில்வர் சொம்பில்தான் எனக்கும் கொடுப்பார்.

"நெனைக்கல ஜெசி" என்றேன். "நீ பேசுவியா மாட்டியான்னு யோசிக்கவே இல்ல. நம்பரப் பாத்தேன், மரத்தப் பாத்தேன், எழுதிட்டேன்."

"அது அதவிட மோசம்" என்றாள். "எங்க எழுதினியோ அங்கயே, ஒன் மூஞ்சியக் காட்டி, ஒன் வாயால சொல்லு. எழுத்துல போட்டா எவனும் படிக்கமாட்டான். ஸ்கூல்லயும் நீயே பேசு. நான் போய்க் கெஞ்சிக்கிட்டு நிக்கமாட்டேன்."

"செய்யறேன்" என்றேன். செய்வது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

6

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டேன். தாளாளர் மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க யாருங்கம்மா? அவங்களுக்கு என்ன ஒறவு?"

"ஒறவு இல்லைங்க. அவங்க பேர மொதல்ல எழுதினவளே நான்தாங்க."

விஷயம் முழுவதும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "எழுத்துல குடுங்கம்மா. கையெழுத்துப் போட்டு ஒரிஜினலா வரணும். நாளைக்கு பேரன்ட்ஸ் கேட்டா நான் எதக் காட்டறது?"

"இப்பவே எழுதி போட்டோ எடுத்து வாட்ஸாப்புல அனுப்பறேங்க."

"வாட்ஸாப்புல வர்றதெல்லாம் செல்லாதும்மா."

எனக்கு ரத்தம் கொதித்தது. "ஏங்க, வாட்ஸாப்புல பொய் வந்தா செல்லுது, உண்மை வந்தா செல்லாதுங்களா? அந்தம்மாவ எந்த ஒரிஜினலப் பாத்து லீவுல போகச் சொன்னீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் பெருமூச்சு விட்டது இங்கே வரை கேட்டது. "நீங்க சொல்றது நாயம்தாம்மா. ஆனா நான் ஸ்கூல் நடத்தணுமே. பேப்பர் அனுப்புங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

அன்றே இரண்டு பக்கம் கையால் எழுதினேன். பதினாறு வருடம் கழித்துத் தமிழில் கடிதம். "மதிப்பிற்குரிய" என்று எழுதும்போதே பேனா திணறியது. என் பாஸ்போர்ட் நகலையும் சேர்த்துக் கூரியரில் அனுப்பினேன்.

வீடியோவுக்கு வீட்டில் எதிர்ப்பு. சரவணன் சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்கள் குடியுரிமை விண்ணப்பம் போய் எட்டு மாதமாகிறது, முடிவு வரவில்லை. இந்த நேரத்தில் பெயர் நாறினால்? வேலை செய்யும் இடத்தில் யாராவது பார்த்தால்? மேகாவின் சிநேகிதிகள் பார்த்தால்?

"நீ பேரச் சொல்லாம போடேன். மூஞ்சி தெரியாம குரல் மட்டும்?"

"அவ மூஞ்சிய ஊரு பூரா காட்டியாச்சு. நான் மட்டும் முக்காடு போட்டுக்கினு பேசணுமா?"

"நான் தப்புன்னு சொல்லல கலை. பயமா இருக்குன்னு சொல்றேன்."

"எனக்கும்தான் பயமா இருக்கு. போனப் புடிங்க."

போனை வாங்கிக்கொண்டு, "அங்க வெளிச்சம் பத்தல, ஜன்னல் பக்கம் வா" என்றார்.

அதிகம் பேசவில்லை. என் பெயர் இது, இன்ன பிளாக்கில் வளர்ந்தேன், இப்போது இந்த ஊரில் இருக்கிறேன். அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு குடும்பத்தின் பெயரை முதலில் எழுதியது நான். அவர்கள் அந்த வீட்டை விட்டுப் போய் நாலு வருடம் ஆகிறது. எனக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. வீட்டு எண்ணை மட்டும் பார்த்து எழுதினேன். அந்த டீச்சருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டுங்கள். முதல் தடவை அழுதுவிட்டேன், அதை அழித்துவிட்டு மறுபடி எடுத்தோம். அழுகிற மூஞ்சியைப் பார்த்தால் ஜனங்கள் என்மேல் இரக்கப்படுவார்கள், ஜெசிந்தாவை மறந்துவிடுவார்கள் என்று தோன்றியது.

7

திட்டுங்கள் என்று சொன்னேன் அல்லவா, குறை வைக்கவில்லை. "ஜெர்மனில குந்திக்கினு ஊர் நாயம் பேசறா", "அந்த டீச்சர்கிட்ட எவ்ளோ வாங்கின?", "கருவாயி, மூஞ்சியப் பாரு". இதையெல்லாம் மரியாதையாக எழுதியவை என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றை அச்சில் போட முடியாது. அதிகம் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "அப்ப அந்த வூட்ல இருக்கறது யாரு? பேரச் சொல்லு."

எனக்குத் தெரியும். அக்கா சொல்லியிருந்தார். எழுதினால் ஒரே வரியில் கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பிவிடும், எனக்கும் ஜெசிந்தாவுக்கும் நிம்மதி. அந்தப் பெண் பேசியது அசிங்கம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், நாளைக்கு அவர்கள் போட்டோ சுற்றும். கேட்டவர்களுக்கெல்லாம், "சொல்லமாட்டேன்" என்று ஒரே பதிலை எழுதினேன். அக்காவும் நானும் போனிலேயே பேசி டவுன்ஷிப் ஆபீசுக்கு ஒரு மனு எழுதினோம். ரோடு கூட்டுகிற பெண்களுக்கு ஒவ்வொரு பிளாக்கிலும் குடிதண்ணீரும் உட்கார நிழலும் வேண்டும் என்று. யார் பெயரும் அதில் இல்லை. கேட்டைச் சாத்தினவளுக்குத் தண்டனை வாங்கித் தருவதைவிடக் கேட்டவளுக்குத் தண்ணீர் வாங்கித் தருவது முக்கியம் என்று அக்கா சொன்னார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. விடுவதாக இல்லை.

ஒருநாள் மாலை மேகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, இவ்வளவு பேர் என்ன எழுதறாங்க உனக்கு?"

"ஒண்ணும் இல்லடா. ஊர்க்காரங்க" என்றேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாததற்கு முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன். ஒரு தாய் படக்கூடாத சந்தோஷம் அது.

"இங்க மொழிபெயர்க்கற பட்டன் இருக்கு அம்மா. நான் நேத்தே படிச்சேன்."

அவள் என் போனை மெதுவாக வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். "நீ தப்பு செஞ்சே. அப்புறம் தப்புன்னு சொன்னே. அப்போ ஏன் இன்னும் திட்டுது அவங்க?"

"திட்டறதுக்கு ஒரு ஆள் கெடச்சா போதும் அவங்களுக்கு. கொஞ்ச நாள் முன்னாடி நானும் அங்கதான் நின்னு திட்டினேன்."

"வீடியோவ அழிக்கலாமே?"

"அழிக்கமாட்டேன். அது அங்க இருக்கற வரைக்கும்தான் ஜெசிந்தா அத்தைக்குப் பாதுகாப்பு."

அவளுக்குப் பாதி புரிந்தது என்று நினைக்கிறேன். புரிந்த பாதி போதும் என்பதுபோல் தோளில் சாய்ந்துகொண்டாள்.

கூரியர் போய்ச் சேர்ந்து மூன்றாம் நாள் ஜெசிந்தா கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை.

"திங்கக்கெழமையிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க. ஒன் லெட்டர ஜெராக்ஸ் எடுத்து, வந்து கத்தின பேரன்ட்ஸுக்கெல்லாம் காட்டினாராம்."

"ஹெச்.எம். விஷயம்?"

"அதப் பத்தி இப்ப யாரும் பேசல. இந்த வருஷம் இருக்காதுன்னு நெனைக்கிறேன்."

மறுபடியும் சாரி என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவள் அதைக் கேட்கக் கூப்பிடவில்லை.

"எட்டாங் கிளாஸ் பசங்க எல்லாரும் எல்லாத்தையும் பாத்திருக்குங்க. நான் போய் நின்னா முதுகுக்குப் பின்னாடி பேசத்தான் செய்யும். அதனால மொதல் பீரியட்லயே நானே ஆரம்பிச்சிடலாம்னு இருக்கேன். மொதல்ல ஒன் கமென்ட்ட போட்டுக் காட்டுவேன். அப்பறம் ஒன் வீடியோவ. ஒரு பொய் எப்படிப் பொறக்குது, யாரு பெத்ததுன்னு அன்னிக்கிப் பாடம். ஒனக்குப் பரவால்லியா?"

"போடு" என்றேன்.

"ஒன் பேர வேணா மறச்சிடறேன்."

"வேணாம் ஜெசி. போர்டுல முழுசா எழுதிப் போடு."